நாய்களில் ஈய நஞ்சேற்றம்: கண்டறிதலும் கண்காணிப்பும்

நாய்களில் ஈய நஞ்சேற்றம் என்பது காரீயம் என்னும் உலோகமோ அதன் சேர்மங்களோ நாயின் உடலுக்குள் சென்று குடல், நரம்பு மண்டலம், இரத்தம் ஆகியவற்றைப் பாதிக்கும் நிலையாகும். பெரும்பாலும் வாய் வழியாகவே ஈயம் உள்ளே போகிறது. உரிய காலத்தில் கண்டறிந்தால் நன்றாகக் குணமாகக்கூடிய நோய் இது. ஆனால் இதற்கென்று தனி அடையாளம் எதுவும் இல்லை. வாந்தி எடுக்கும் நாய்களும் வலிப்பு வரும் நாய்களும் கால்நடை மருத்துவமனைக்கு நாள்தோறும் வருகின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஈயம் காரணமாக இருக்கலாம் என்று யாரேனும் நினைத்து, இரத்தத்தில் ஈயத்தை அளக்கச் சொன்னால்தான் நோய் வெளிப்படும். வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு இடம்பெறுவதில்லை. "வீட்டில் ஒரு வாரமாகப் பெயிண்ட் வேலை நடக்கிறது" என்று நாயை அழைத்து வந்தவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு வரிதான் பல நேரங்களில் மருத்துவரை அந்தச் சோதனைக்குக் கொண்டுசெல்கிறது.

எந்த ஈயம்?

தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு தனிமங்களுக்குப் பொதுவாக வழங்குவதால் முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசப்படுவதும் வெள்ளீயமே. அதன் அணு எண் 50. நஞ்சாக அமைவது அணு எண் 82 கொண்ட காரீயம். வெள்ளீயத்தின் விலை அதிகம் என்பதால் அதில் காரீயத்தைக் கலப்பதுண்டு; அப்படிக் கலந்து பூசிய பாத்திரத்தில் புளிப்பான உணவை வைத்தால் காரீயம் கரைந்து இறங்கும். பழைய பித்தளைக் குண்டானை நாய்க்குத் தண்ணீர் வைக்கவும் மோர்ச்சோறு போடவும் ஒதுக்கிவிடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பென்சிலில் இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன். அதில் ஈயம் இல்லை. பல ஆண்டுகள் வகுப்பில் இதைச் சொல்லியும், நாய் பென்சிலைக் கடித்துவிட்டது என்று பதறுபவர்களில் என் பழைய மாணவர்களும் இருக்கிறார்கள். பென்சிலின் மேலே பூசிய மஞ்சள், சிவப்பு வண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அது வேறு கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. இக்கட்டுரையில் இனி ஈயம் என்று வருமிடமெல்லாம் காரீயத்தையே குறிக்கும்.

வீட்டுக்குள் ஈயம் வரும் வழிகள்

கோவை ஆர்.எஸ்.புரம், அதாவது இரத்தினசபாபதிபுரம், நகராட்சித் தலைவராக இருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய குடியிருப்புப் பகுதி. திவான் பகதூர் சாலை கடைவீதியாகிவிட்டாலும் உட்தெருக்களில் மர ஜன்னலும் இரும்புக் கிராதியும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. இப்படிப்பட்ட வீட்டின் ஜன்னல் கதவில் ஒவ்வொரு தலைமுறையும் பூசிய பெயிண்ட் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மேல் அடுக்கு புதியதாக இருக்கலாம். அடியில் இருப்பது எந்தக் காலத்துப் பெயிண்ட் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குச் சட்டப்படியான கட்டாய வரம்பு வந்தது அண்மையில்தான். 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி பத்து லட்சம் பங்கு பெயிண்டில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயக் குரோமேட்டும், இரும்பில் துரு பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாகச் செவ்வீயமும் தாராளமாகப் பயன்பட்டன. சுவரில் அடிக்கும் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் இந்தக் கணக்கில் பெரிதாக வருவதில்லை. எண்ணெய்ப் பெயிண்டான எனாமலே முதலில் சந்தேகிக்க வேண்டியது.

பெயிண்ட் சுவரோடு ஒட்டி இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. பட்டி பார்ப்பதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், பழைய பெயிண்டைத் தீயால் பொசுக்கிச் சுரண்டும்போதும்தான் சிக்கல் தொடங்குகிறது. தூள் தரையில் படிகிறது. நாய் அதன்மேல் நடந்து, படுத்து, பிறகு தன் பாதத்தையும் உடம்பையும் நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது. நாயின் சுத்தப் பழக்கமே அதற்கு எதிராக வேலை செய்யும் இடம் இது. பல் முளைக்கும் குட்டியாக இருந்தால் கதவு நிலையையும் ஜன்னல் விளிம்பையும் நேரடியாகவே கடித்துச் செதிலை விழுங்கும்.

பெயிண்டுக்கு அடுத்தது பேட்டரி. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர்களுடன் ஈய அமில பேட்டரிகள் கோவையின் வீடுகளுக்குள் நிறையவே வந்து சேர்ந்தன. வேலை செய்யும் பேட்டரியால் நாய்க்கு ஆபத்து குறைவு. காலாவதியாகி மாடிப்படிக்கு அடியில் கிடப்பதும், காயலான் கடைக்குப் போகுமுன் உடைத்துப் பார்க்கப்படுவதும்தான் ஆபத்து. வீட்டில் யாரேனும் பேட்டரிக் கடையிலோ மோட்டார் காயில் கட்டும் பட்டறையிலோ வார்ப்பட ஆலையிலோ வேலை செய்தால், அவர் சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிவரும் தூசியை மறக்கக் கூடாது. வீடு திரும்புபவர்மீது முதலில் பாய்ந்து நக்குவது நாய்தானே.

தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு, கார்ச் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் ஈயக்கட்டி, திரைச்சீலையின் அடியில் தைத்த எடை, பற்றவைக்கும் சால்டரிங் கம்பி ஆகியவற்றை நாய் விழுங்கிய நிகழ்வுகள் கால்நடை மருத்துவ நூல்களில் இடம்பெற்றவை. கொங்கு நாட்டில் இன்னொன்றையும் சேர்க்கலாம். நாய்க்குக் காயம் பட்டால் மஞ்சளைக் குழைத்துப் பூசுவது நம் வழக்கம். நிறம் கூட்ட ஈயக் குரோமேட்டைச் சேர்ப்பது மஞ்சள் தூளில் செய்யப்படும் பழைய கலப்படம். இந்திய உணவுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. நல்ல மஞ்சளை வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்வது ஈரோட்டுக்கு இத்தனை அருகில் இருக்கும் நமக்குக் கடினமில்லை.

உடலில் நடப்பது

ஈயம் உடலுக்குள் கால்சியத்தைப்போல வேடம் போடுகிறது. கால்சியம் போகும் பாதைகளில் நுழைந்து நரம்புச் செல்களின் வேலையைக் குலைக்கிறது. இரத்தச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் உருவாக உதவும் நொதிகளைத் தடுக்கிறது. கடைசியில் எலும்பில் போய்த் தங்குகிறது. உடலிலுள்ள ஈயத்தின் மிகப் பெரும் பகுதி எலும்பில்தான் இருக்கும். கண்காணிப்பைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தி மீண்டும் தேவைப்படும்.

வளர்ந்த நாயைவிடக் குட்டி பல மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சுகிறது. கால்சியமும் இரும்பும் குறைவான உணவு உண்ணும் நாயும் அப்படியே. ஒரே வீட்டில் ஒரே தூசியில் புரளும் இரண்டு நாய்களில் எட்டு மாதக் குட்டி வலிப்பில் துடிக்க, எட்டு வயது நாய் ஒன்றும் நடவாததுபோல் படுத்திருக்கலாம்.

எவ்வளவு ஈயம் போதும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. பத்து கிலோ எடையுள்ள நாய்க்கு ஏறத்தாழ 850 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும், அதாவது 8.5 டெசிலிட்டர். ஒரு டெசிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் நோய் என்று கருதப்படும் எல்லை வந்துவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் மொத்தம் சுமார் 300 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நூற்றுக்கு ஒரு பங்கு ஈயம் கொண்ட பழைய பெயிண்ட் செதில் ஒரு கிராம் எடுத்தால் அதில் 10 மில்லிகிராம் ஈயம் இருக்கும். விழுங்கியதெல்லாம் இரத்தத்தில் சேராது என்பதும், சேர்ந்ததில் பெரும்பங்கு எலும்புக்குப் போய்விடும் என்பதும் உண்மைதான். அப்படியிருந்தும் இரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் அச்சமூட்டுகிறது.

அறிகுறிகளும் அவை தரும் குழப்பமும்

பெரும்பாலும் வயிறுதான் முதலில் பேசும். பசியின்மை, வாந்தி, வயிற்றுவலி, சில நாய்களுக்கு மலச்சிக்கல், சிலவற்றுக்கு வயிற்றுப்போக்கு. வயிற்றைத் தொட்டால் முனகும், முதுகை வளைத்து நிற்கும். அடுத்து நரம்பு மண்டலத்தின் அறிகுறிகள்: காரணமில்லாத பயம், ஓயாத குரைப்பு, வட்டமடித்தல், தள்ளாட்டம், தாடையை மெல்லுவதுபோல் அரைத்தல், எச்சில் ஒழுகுதல், பார்வை இழப்பு, வலிப்பு. நாள்பட்டுச் சிறிது சிறிதாக ஈயம் சேர்ந்த நாயிடம் இவை எதுவும் பளிச்சென்று தெரியாது. மெலிவும் சோர்வும் சுபாவ மாற்றமும் மட்டுமே இருக்கும். வயதாகிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள்.

இந்த அறிகுறிகளைப் பார்க்கும் எவருக்கும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது வெறிநோய்தான். அப்படி நினைப்பதே சரியும்கூட. எச்சில் வடிய, தாடை அரைபட, கண்டபடி குரைக்கும் நாயின் வாய்க்குள் தொண்டையில் ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கவே கூடாது. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாயின் பல்லோ எச்சிலோ மனிதர்மேல் பட்டிருந்தால், ஈயமாக இருக்கலாம் என்ற ஊகத்தை நம்பி மனிதருக்கான தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

டிஸ்டெம்பர் எனப்படும் நச்சுயிரி நோயிலும் தாடை அரைபடும் வலிப்பு வரும். பூச்சிமருந்து தின்ற நாய்க்கு எச்சிலும் நடுக்கமும் இருக்கும், ஆனால் கண்மணி சுருங்கியிருக்கும். கல்லீரல் நோய், சர்க்கரைக் குறைவு, காக்காய் வலிப்பு, குடலுக்குள் குடல் செருகிக்கொள்வது என்று பட்டியல் நீளும். மருத்துவர் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவார். வயிற்றுக் கோளாறும் நரம்புக் கோளாறும் ஒரே நாயிடம் ஒரே சமயத்தில் சேர்ந்து வந்தால் ஈயத்தை நினைக்க வேண்டும்.

இரத்தப் பூச்சு சொல்லும் சேதி

ஈயம் அளக்கும் சோதனைக்கு முன்னதாகவே, ஒரு நுண்ணோக்கியும் கண்ணாடி வில்லையும் இருந்தால் சில தடயங்கள் கிடைக்கும். இரத்தத் துளியை வில்லையில் மெல்லியதாகத் தீட்டிச் சாயமேற்றிப் பார்க்கும் ஸ்மியர் சோதனை அது. நாயின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இருக்காது. ஈயம் பாதித்த நாயின் இரத்தத்தில் உட்கருவோடு கூடிய இளம் சிவப்பணுக்கள் வழக்கத்துக்கு மாறாக நிறையத் தென்படலாம். இரத்தசோகை கடுமையாக இருந்தால் இவை வருவது இயல்பு. சோகை பெரிதாக இல்லாமலே இவை மிகுந்திருந்தால் ஈயத்தைத் தேட வேண்டும். வெப்பத்தாக்கு, மண்ணீரல் நோய் ஆகியவற்றிலும் இப்படி வரும் என்பதால், கோடையில் நாய் வெயிலில் கிடந்ததா என்றும் கேட்டாக வேண்டும்.

சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தூவியதுபோல் தெரிவது இன்னொரு தடயம். இது எல்லா நாய்க்கும் வருவதில்லை. வந்தாலும், இ.டி.டி.ஏ. என்னும் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள் உள்ள ஊதா மூடிக் குழாயில் இரத்தம் சிலகாலம் இருந்தால் புள்ளிகள் மங்கக்கூடும். ஊசியிலிருந்து நேராக வில்லைக்கு வந்த துளியே சிறந்தது.

இந்த இடத்தில் இயந்திரம் ஒன்றைக் குறித்து எச்சரிக்கை தேவை. தானியங்கி எண்ணுங்கருவிகளில் பல, உட்கருவுள்ள சிவப்பணுவை வெள்ளணு என்று எண்ணிவிடும். அறிக்கையில் வெள்ளணு எண்ணிக்கை கூடுதலாக வரும். கூடியிருப்பதால் கிருமித்தொற்று என்று முடிவாகும். நோயெதிர்ப்பு மருந்து எழுதப்படும். வாந்தி சில நாள் அடங்கியும் மீண்டும் வந்தும் வாரங்கள் கழியும். இதற்குள் நாய் அதே தூசியில்தான் படுத்திருக்கும். ஒருவர் வில்லையைக் கண்ணால் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தாமதம் இது.

எக்ஸ் கதிர்

வயிற்றை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால் விழுங்கிய ஈயக்குண்டு தெளிவான வெண்மையாகத் தெரியும். பெயிண்ட் செதில்கள் மணலைத் தூவியதுபோல் தெரியலாம். ஆட்டெலும்பும் கோழியெலும்பும் தின்ற நாயின் வயிற்றிலும் வெண்திட்டுகள் இருக்கும்; உலோகத்தின் வெண்மை அதைவிட அடர்ந்தது. வளரும் குட்டிகளின் கால் எலும்பு நுனிகளில் ஈயக்கோடு என்னும் அடர்ந்த பட்டை சில சமயம் காணப்படும். படத்தில் ஒன்றும் இல்லை என்பதால் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. விழுங்கியது ஏற்கெனவே கரைந்தோ வெளியேறியோ போயிருக்கலாம்.

இரத்த ஈய அளவு

நோயை உறுதிசெய்வது இந்த ஒரு சோதனைதான். இரத்தத்திலுள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிவப்பணுக்களோடு ஒட்டியிருப்பதால் முழு இரத்தம் தேவை. உறையவிட்டுப் பிரித்தெடுக்கும் சீரத்தை அனுப்பினால் ஈயம் இல்லை என்ற பொய்யான நிம்மதியே கிடைக்கும். ஊதா மூடிக் குழாயா, ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயா என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். விலங்கின் இரத்தத்தை ஏற்பார்களா என்பதையும் சேர்த்து, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. பெயிண்ட் தூசி படிந்த தோலில் ஊசி போட்டால் அந்தத் தூசியே மாதிரியில் கலந்து அளவை உயர்த்திக் காட்டும். முன்காலின் மயிரை மழித்து, நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே இரத்தம் எடுக்க வேண்டும். ஈயத்தை வெளியேற்றும் மருந்தைத் தொடங்குவதற்கு முன்னதாக எடுப்பதும் முக்கியம்.

அறிக்கை வந்ததும் எண்ணைவிட அலகை முதலில் பார்க்க வேண்டும். மனிதருக்கான ஆய்வகம் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று தரும். கால்நடை நூல்கள் பெரும்பாலும் பிபிஎம் என்ற அலகில் பேசும். 0.35 பிபிஎம், 35 மைக்ரோகிராம், 350 பிபிபி ஆகிய மூன்றும் ஒன்றே. புள்ளியை இடம் மாற்றிப் படித்தால் நோயுள்ள நாய் நலமாகவும் நலமான நாய் நோயாளியாகவும் தெரியும்.

அறிகுறியுடன் சேர்ந்து 35 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈய நஞ்சேற்றம் என்று கொள்வது வழக்கம். 60ஐத் தாண்டினால் அறிகுறி எப்படி இருந்தாலும் ஐயமில்லை. எண்ணின் அளவும் நோயின் கடுமையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 40 உள்ள நாய் வலிப்பில் துடிக்கலாம். 70 உள்ள நாய் வாலை ஆட்டிக்கொண்டு நடந்து வரலாம். இரத்தம் காட்டுவது அண்மையில் உள்ளே போனதையும் எலும்பிலிருந்து கசிந்து வருவதையும் மட்டுமே. உடலின் மொத்தச் சுமையை அது காட்டாது.

சிகிச்சை, சுருக்கமாக

முதல் வேலை வயிற்றில் மீதமுள்ள ஈயத்தை அகற்றுவது. அதற்குப் பேதி மருந்தோ உள்நோக்கியோ அறுவையோ தேவைப்படலாம். அடுத்தது கொடுக்கிணைப்பு மருந்துகள். நண்டு தன் கொடுக்கால் பற்றுவதுபோல இவை ஈய அயனியைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. ஊசியாகப் போடும் கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ., வாய் வழி தரும் சக்சிமர், பெனிசிலமைன் ஆகியவை பயன்படுகின்றன. குடலில் ஈயம் இருக்கும்போதே இ.டி.டி.ஏ. கொடுத்தால் அது குடலிலிருந்து இன்னும் அதிகமாக ஈயம் உறிஞ்சப்பட வழி செய்யக்கூடும். ஆகவேதான் வரிசை முக்கியம். கால்சியம் சேராத டைசோடியம் இ.டி.டி.ஏ. என்பது வேறு மருந்து. மாற்றிப் போட்டால் இரத்தக் கால்சியம் சரிந்து நாய் இறக்கக்கூடும். எந்த மருந்துக்கும் அளவை இங்கே எழுதவில்லை. நாயின் எடையையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது. இம்மருந்துகள் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. வரவழைக்க ஓரிரு நாள் ஆகலாம். அந்த நாள்களில் நாயை வேறு வீட்டில் வைப்பதே பெரிய உதவி.

கண்காணிப்பு

மருந்து தொடங்கி ஓரிரு நாளிலேயே பெரும்பாலான நாய்கள் தெளிந்துவிடும். சாப்பிடும், குரைக்கும், வாசலுக்கு ஓடும். வீட்டார் மருத்துவமனைப் பக்கம் போவதை நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பாடத்துக்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய வீடு, ஜன்னல் சுரண்டும் வேலை நடக்கிறது, எட்டு மாத லாப்ரடார் குட்டி. முதல் சோதனையில் 62. ஐந்து நாள் மருந்து முடிந்த மறுநாள் 14. இரண்டு வாரம் கழித்து 31. எண்கள் கற்பனையானவை, ஆனால் இந்த ஏற்ற இறக்கம் கற்பனையன்று. 14 என்பது மருந்து இரத்தத்தை மட்டும் துடைத்து வைத்த நேரத்து அளவு. மருந்து நின்றதும் எலும்பிலும் மற்றத் திசுக்களிலும் இருந்த ஈயம் மீண்டும் இரத்தத்துக்கு வருகிறது. எனவே மருந்து முடிந்த உடனே எடுக்கும் அளவை வைத்துக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து எடுக்கும் அளவே பொருளுள்ளது.

அந்த 31ஐ எப்படிப் படிப்பது? அது ஒற்றை எண்ணாக இருக்கும்வரை ஒன்றும் சொல்லாது. அடுத்த சோதனையில் 24 என்று வந்தால் உடல் தன் சேமிப்பை மெல்ல வெளியேற்றுகிறது; குட்டி நலமாகவும் இருந்தால் காத்திருக்கலாம். 48 என்று வந்தால் எலும்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் வீட்டில் இன்னும் ஈயம் இருக்கிறது, நாய் இன்னும் அதை நக்குகிறது என்றே பொருள். அப்போது இன்னொரு சுற்று மருந்தைவிட முதலில் வேண்டியது துடைப்பமும் வாளியும். 31 அடுத்த முறை 33 ஆனால் பதற வேண்டாம். இரண்டு மூன்று மைக்ரோகிராம் வேறுபாடு அளவிடும் கருவியின் தடுமாற்றமாகவும் இருக்கலாம். இதனால்தான் எல்லாச் சோதனையையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே வகைக் குழாயில் செய்வது நல்லது.

மருந்து நடக்கும் நாள்களில் சிறுநீரகத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இ.டி.டி.ஏ. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் யூரியா, கிரியாட்டினின், சிறுநீர்ச் சோதனை ஆகியவற்றை மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பார். நாய் தண்ணீர் குடிக்கிறதா, எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்று சொல்ல வீட்டில்தான் ஆள் வேண்டும். பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, உணவு, வாந்தி, மலம், வலிப்பு வந்தால் எத்தனை நிமிடம், மருந்து கொடுத்த நேரம். வலிப்பைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுவது வாயால் விவரிப்பதைவிட மருத்துவருக்குப் பயன்படும்.

வீட்டைக் கண்காணிப்பதும் நாயைக் கண்காணிப்பதில் அடங்கும். உலர்ந்த பெயிண்டைத் தேய்க்காமல் ஈரப்படுத்திச் சுரண்டவும், கீழே தார்ப்பாய் விரித்துச் செதிலைச் சேகரிக்கவும் பெயிண்டரிடம் சொல்ல வேண்டும். பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நாயின் படுக்கையைத் துவைத்து, பாதங்களைத் தினமும் கழுவ வேண்டும். வேலை முடியும்வரை நாயை உறவினர் வீட்டில் விடுவது எல்லாவற்றிலும் எளிது. பெயிண்டரையும் மறக்க வேண்டாம். நாய் ஒரு வாரம் சுவாசித்த தூசியை அவர் ஆண்டு முழுவதும் சுவாசிக்கிறார்.

நாயும் வீட்டுக் குழந்தையும்

இந்தியக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று, நகரத்து நாய்களின் இரத்தத்தில் கிராமத்து நாய்களைவிட ஈயம் அதிகம் என்று காட்டியது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தும் நிலை அப்படி இருந்தது. மண்ணில் படிந்த ஈயம் அழுகுவதுமில்லை, ஆவியாவதுமில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 83 குடும்பங்களின் குழந்தைகளையும் நாய்களையும் ஒன்றாகச் சோதித்து 1976இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. நாயின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்த வீட்டில், குழந்தையின் இரத்தத்திலும் அது மிகுந்திருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. அதே நாட்டின் ஃபிளின்ட் நகரில் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்த நெருக்கடியின்போது, 2016 தொடக்கத்தில் இரண்டு நாய்களுக்கு ஈய நஞ்சேற்றம் உறுதியானது. அதன் பிறகு அங்கு நாய்களுக்கென்றே தனிச் சோதனை முகாம்கள் நடந்தன.

நம் ஊர்க் குழந்தைகளைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயதுவரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்து 2009இல் வெளிவந்த ஆய்வில் சராசரி இரத்த ஈய அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும். நாய்க்கு 35 வரை போனால்தான் நோய் என்று பேசுகிறோம். தவழும் குழந்தைக்கு அதில் ஏழில் ஒரு பங்கே எச்சரிக்கைக் கோடு. இரண்டும் ஒரே தரையில்தான் இருக்கின்றன, இரண்டும் கையில் கிடைத்ததை வாயில்தான் வைக்கின்றன. குழந்தையிடம் ஈயம் வலிப்பாக வராமல் கவனக் குறைவாகவும் படிப்பில் பின்தங்கலாகவும் வரக்கூடும். மந்தம் என்று பெயர் வைத்து வகுப்பில் கடைசி வரிசைக்கு அனுப்பிய பிள்ளைகளில் யாருக்காவது இது இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். அன்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

ஆகவே நாயின் அறிக்கை உயர்வாக வந்த அன்றே, அதன் நகலோடு வீட்டிலுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் மனிதருக்கான மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்த ஈய அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நாய் நலமடைந்து வீடு திரும்பும் நாளுக்கு முன் இந்த அறிக்கைகளும் கையில் இருப்பது நல்லது. எந்த அறையைப் பூட்டி வைப்பது, எந்த ஜன்னலை மாற்றுவது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.